இங்கிலாந்து வம்சாவளி தேடினவங்க இருக்கீங்களா? பேரு, தேதி தாண்டி என்ன கிடைச்சுது, சொல்லுங்க

ஓல்டம் மருமக:
வீட்டுக்காரர் ஊரு லங்காஷயர்ல ஓல்டம். அவரோட எள்ளுத்தாத்தா குடும்பம் 1861 சென்சஸ்ல இருக்கு, அப்பா நூல் மில்லுல ஸ்பின்னர், அம்மா கார்டு ரூம், அதாவது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கற இடம், ஒன்பது வயசுப் பொண்ணு பீசர், அதாவது அறுந்த நூலை ஒட்டித் திரிச்சு விடற வேலை, பக்கத்துல ஹாஃப் டைம்னு வேற. அப்புறம் படிச்சா 1844 சட்டப்படி எட்டு வயசுலயே பாதி நாள் மில்லு, பாதி நாள் ஸ்கூலுன்னு அனுப்பலாமாம். எனக்கு அன்னிக்கு சோறே இறங்கல.

ஆனா உலுக்கினது தேதிதான். அந்த சென்சஸ் எடுத்தது ஏப்ரல் 7, அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சது ஏப்ரல் 12. அஞ்சே நாள்! மூணு பேரும் வேலைல இருக்கறதா எழுதிட்டுப் போனாங்க, அடுத்த வருஷமெல்லாம் அமெரிக்கப் பஞ்சு வராம மில்லுங்க வரிசையா மூடிக் கிடக்கு, நம்ம நாட்டு சூரத்துப் பஞ்சு வந்துருக்கு, ஆனா இழை குட்டை, சும்மா சும்மா அறுந்துடும், வேலை ஜாஸ்தி கூலி கம்மி. சூரத்து மட்டும் வேண்டாம் சாமின்னு வேண்டிக்கிட்டதா அங்க ஒரு கதையே உண்டு. வேலை போனவங்களை வச்சுக் கட்டினதுதான் 1865ல திறந்த அலெக்சாண்ட்ரா பார்க், நாங்க வாராவாரம் போற அதே பார்க். தாத்தா அங்க மண்ணு வெட்டினாரான்னு எந்தப் பேப்பரும் சொல்லல, மாமனார் மட்டும் வெட்டினார்னே முடிவு பண்ணிட்டார் 😄

கிழக்கு லண்டன்வாசி:
அக்கா செம்ம. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டியோட கொள்ளுப்பாட்டி, போ (Bow)ங்கற ஏரியாவுல பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஃபேக்டரில வேலை பாத்தவங்கன்னு தேடறப்ப தெரிஞ்சுது. அங்க நடந்த 1888 ஸ்ட்ரைக் பத்தி நான்தான் எடுத்துக் குடுத்தேன், காலு அழுக்கா இருந்தா ஃபைன், பேசினா ஃபைன், வெள்ளை பாஸ்பரஸ்ல தாடை எலும்பே அழுகிப் போற வியாதி வேற, அதை எழுதி வெளில கொண்டு வந்தது யாருன்னா நம்ம அடையாறு அன்னி பெசன்ட், இந்தியா வர்றதுக்கு முன்னாடி! சுமார் 1400 பேர் வெளில வந்து ஜெயிச்சாங்க. அந்தக் காலத்துல லண்டன் வறுமையை ஆராய்ச்சி பண்ண சார்ல்ஸ் பூத்தோட வறுமை மேப்பும் நெட்ல ஃப்ரீயா இருக்கு, தெருவுக்குத் தெரு கலர் அடிச்சிருப்பாங்க. பாட்டி அவங்க தெருவைத் தேடினாங்க, இளநீலம், ஏழைன்னு அர்த்தம். "எங்க வீட்ல யாரும் இதைச் சொன்னதே இல்லையே"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க, அப்புறம் டீ போடப் போயிட்டாங்க.

பழைய மேப் பைத்தியம்:
ரெண்டு பேருக்கும் லைக். ஒரு விஷயம், 1904க்கு அப்புறம் வர்க்ஹவுஸ்ல, அதாவது கதியில்லாத ஏழைங்களைச் சேத்து வேலை வாங்கின அரசாங்க விடுதில, பொறந்த குழந்தைங்க சர்டிஃபிகேட்ல அந்தப் பேரு இருக்காது, சும்மா ஒரு தெருவும் டோர் நம்பரும்தான், புள்ளைக்குப் பின்னால அவமானம் வேண்டாம்னு அரசாங்கமே பண்ண ஏற்பாடு. எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர் இது யாரோ சொந்தக்காரங்க வீடுன்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தார், ஸ்காட்லாந்து தேசிய நூலக சைட்ல அரசாங்க சர்வே துறையோட பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே மேப் ஃப்ரீ, அதுல பாத்தா அந்த இடத்துல பெரிய வர்க்ஹவுஸ். உடனே கதை கட்டிடாதீங்க, பிரசவத்துக்கு வேற வழியில்லாத நிறைய பேர் அங்க இருந்த ஆஸ்பத்திரி வார்டுக்குத்தான் போனாங்க. அட்மிஷன் ரெஜிஸ்டர் கவுன்ட்டி ஆவணக் காப்பகத்துல கிடைச்சா அதை முதல்ல பாருங்க.

ஓல்டம் மருமக:
அய்யோ, எங்க லிஸ்ட்லயும் அப்படி ஒரு டோர் நம்பர் இருக்கு. மேப் லிங்க் போடுங்க ப்ரோ.