மறு: கரவானுக்கும் மோட்டார் ஹோமுக்கும் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

> 'நடமாடும் வீடு' என்றால் எல்லாருக்கும் விளங்குமே. இதற்கு ஏன் இத்தனை மடல்?

விளங்கும் அக்கா. ஆனால் கரவானைப் போலக் காருக்குப் பின்னால் இழுபட்டுப் போவதா, மோட்டார் ஹோமைப் போலத் தானே ஓடுவதா என்பது விளங்காது. இந்த வண்டிகளைப் பற்றி நான் எழுதும் கட்டுரையின் வரலாற்றுப் பகுதிக்கு உட்கார்ந்தால் இரண்டாவது பத்தியிலேயே இந்தச் சிக்கல் வந்துவிடுகிறது.

கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1885இல் பிரிஸ்டலில் சொல்லிச் செய்வித்த 'வாண்டரர்' என்ற வண்டியைத்தான் உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் கரவான் என்பார்கள். ஏறக்குறைய இரண்டு தொன் எடை. இழுத்தவை இரண்டு குதிரைகள். வேலையாள் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னால் போய் வழி பார்ப்பாராம். ஐரோப்பாவில் நாடோடிகளாக வாழ்ந்த ரோமா மக்கள் அதற்கு முன்பே வண்டிலுக்குள் குடும்பம் நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள். வசதி படைத்தவர் செய்ததும் அது பொழுதுபோக்காகிவிட்டது. 1907இல் பிரித்தானியாவில் கரவான் கழகம் தொடங்கினார்கள். 1919இல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் காருக்குப் பின்னால் கொழுவும் கரவான்களை விற்பனைக்கே செய்யத் தொடங்கியது. இதுவரை எல்லாமே இழுபடுபவை.

குழப்பம் ஜெர்மனியில். ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ் குதிரைச் சாட்டை விற்க ஊர் ஊராகப் போகிறவர். மனைவி ஓவியர். கூடவே வரவும் வேண்டும், படம் வரைய இடமும் வேண்டும் என்றதால் 1931இல் டெத்லெஃப்ஸ் ஒரு வண்டி கட்டினார். அதற்கு வைத்த பெயர் 'வோன்அவுட்டோ', அதாவது குடியிருக்கும் கார். பெயரில் கார், வண்டியில் எஞ்சின் இல்லை! பின்னாளில் ஜெர்மன்காரர் இழுபடுவதை 'வோன்வாகன்' என்றும் தானாக ஓடுவதை 'வோன்மொபில்' என்றும் பிரித்துக்கொண்டார்கள். 1950இல் ஃபோக்ஸ்வாகன் வான் வந்து, அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா அதற்குள் வைத்தெடுக்கும் தளபாடங்களைச் செய்து கொடுத்த பிறகு, இந்தப் பிரிவு இல்லாமல் முடியாது. பிரித்தானியக் கழகமும் 2017இல் 'கரவான், மோட்டார் ஹோம் கழகம்' என்று பெயரை நீட்டவேண்டியதாயிற்று.

> அப்படியே 'கேரவன்' என்று எழுதிவிடலாமே?

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி. லண்டன் சித்தப்பாவுக்குக் காருக்குப் பின்னால் வருவது. பழைய ஒட்டக வரிசைக்கும் அதே சொல். அதற்கு நம்மிடம் 'சாத்து' இருக்கிறது, கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலேயே இருக்கிறது. அதை அங்கேயே விடுவோம்.

என் முன்மொழிவு: இழுபடுவது தங்குபெட்டி, தானே ஓடுவது தங்கூர்தி.

லொறியைப் பாரவூர்தி என்று சொல்லிப் பழகிய நாட்டில் தங்கூர்திக்குப் பெரிய எதிர்ப்பு வராது. சண்டை பெட்டிக்குத்தான் வரும். சூட்கேஸ் நினைவு வருகிறது, சவப்பெட்டி நினைவு வருகிறது என்று ஏற்கனவே இரண்டு மடல். ரயில் பெட்டியில் ஏறும்போது வராத நினைவு இதற்கு மட்டும் ஏன் வருகிறதோ! இங்கே இலங்கையின் வன்னியில் ட்ரக்டருக்கோ, லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்கோ பின்னால் கொழுவுவதைப் பெட்டி என்றுதான் சொல்கிறோம். மடு மாதா கோவிலின் ஆவணித் திருவிழாவுக்கு அரிசி, சட்டி, பாய், பிள்ளைகள் எல்லாம் பெட்டியில்தான் போகும். 2008, 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது கூரைத் தகரத்தையும் யன்னல் நிலையையும் கழற்றிப் பெட்டியில் ஏற்றி, மேலே தறப்பாளைக் கட்டி, மழைக்கு அதன் கீழே படுத்தெழும்பியவர்கள் இங்கே ஏராளம். அதை யாரும் நடமாடும் வீடு என்று சொன்னதில்லை. அந்தப் பெயரை இதற்கு வைக்க எனக்கு மனம் ஒப்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழில்நுட்பமும் ஒன்றுதான். லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நெல்மூட்டைகளைப் பின்பக்கம் கூட அடுக்கினால் கொழுக்கிப் பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். அச்சுக்கு மேலே, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி அடுக்கு என்று எந்தச் சாரதியும் சொல்வார். கரவானுக்கும் அதே விதி. மீறி வேகமாக ஓடினால் பின்பக்கம் இடமும் வலமுமாக வீசத் தொடங்கும். இதற்குப் 'பாம்பாட்டம்' என்று போட்டிருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

'குடிப்பெட்டி' என்று எழுதிய தம்பிக்கு: பொருள் சரிதான், ஆனால் இங்கே அதைக் கேட்டால் உள்ளே எத்தனை போத்தல் என்று கேட்பார்கள். 'மனையூர்தி' அழகான சொல், ஆனால் தமிழ்நாட்டில் மனை என்றால் விற்பனைக்கு வந்த காணி. தங்குதல் சில நாளுக்கு, இருத்தல் நெடுநாளுக்கு என்பதால் 'தங்கு' பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து, பெட்டியையும் காரையும் இணைக்கும் முன்தண்டுக்கு ஒரு சொல் வேண்டும். வண்டிலில் அதைத் துலா என்பார்கள், ஆனால் கிணற்றுத் துலாவும் இருக்கிறது. கராஜ் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.