புதுப்பிப்பு: வாடகையை வாங்க மறுத்து, வாய்மொழியாகக் காலி செய்யச் சொன்ன விவகாரம்

வாடகை வீட்டின் உரிமையாளர் வாடகையை வாங்காமல், எழுத்தில் எதுவும் தராமல் காலி செய்யச் சொன்னபோது என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன்; பிறகு அது வழக்கானது. வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. வீடு இப்போதைக்குக் கையில் இருக்கிறது.

பலன் தந்தது, வாடகையை வங்கி வழியே அனுப்பச் சொன்ன யோசனைதான். வாடகை செலுத்திய அன்றே மாதம், தொகை, தேதி மட்டும் எழுதி, ஒப்புகை அட்டையோடு (பெற்றவர் கையெழுத்திட்டுத் திரும்பும் அட்டை) பதிவுத் தபாலில் உரிமையாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். கோபமாக ஒரு வரிகூட வேண்டாம். எழுதினால் அதுவே எதிர்த்தரப்புக்குச் சான்றாகிவிடும். "வாடகை பாக்கி" என்ற குற்றச்சாட்டு இந்த ரசீதுகளால்தான் நிற்கவில்லை. வழக்கை இலவச சட்ட உதவி வழக்கறிஞர் பார்த்துக்கொண்டார். எழுத்தில் நோட்டீஸ் தராததும் எடுபட்டது. வீட்டிலிருந்து வெளியேற்றும் முன் போதிய முன்னறிவிப்பு வேண்டும் என்று, ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு கட்டாய வெளியேற்றம் பற்றி 1997-இல் வெளியிட்ட பொதுக்கருத்து 7-உம் சொல்கிறது.

எதிர்பாராதது: நடுவில் உரிமையாளர் தரப்பில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். நேரம் தெரியும்படி படமெடுத்துப் புகார் கொடுத்ததும் இணைப்பு திரும்பியது. அந்த நெருக்கடியில் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே விரும்பிக் காலி செய்ததாக வாதிடுவார்கள்.