இத்தாலியின் டஸ்கனி கிராமப் பக்கம் எந்த மாதம் போகலாம்? போய்வந்தவர்களின் அனுபவங்கள்

செக்கடி:

யாரைக் கேட்டாலும் மே, இல்லாவிட்டால் செப்டம்பர் என்பார்கள். தப்பில்லை. ஆனால் நான் அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும்தான் சொல்வேன். ஆலிவ் அறுவடை அப்போதுதான்.

மொன்டால்சினோ என்ற ஊருக்குக் கீழே ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். அக்ரிதுரிஸ்மோ என்று பலகை மாட்டியிருக்கும். நிஜமாகவே விவசாயம் நடக்கிற இடத்துக்குத்தான் சட்டம் அந்தப் பெயரை அனுமதிக்கிறது. காலையில் பனி ஈரம் காய்கிற வரை யாரும் மரத்தில் கை வைக்கவில்லை. அப்புறம் அடியில் பச்சை வலையை விரித்தார்கள். நீளக் கம்பு, அதன் நுனியில் பேட்டரியில் ஆடுகிற விரல்கள். அதை வைத்துக் கிளையைக் கோதினால் காய் பொலபொலவென்று கொட்டுகிறது. பாதி பச்சை, பாதி கருநீலம். வலையை நான்கு மூலையிலும் தூக்கிக் காயை நடுவில் குவித்து, இலை தழையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அள்ளினார்கள். மூட்டை கட்ட மாட்டார்கள். காய் சூடேறிப் புளித்துவிடும். அன்றைக்கோ மறுநாளோ ஆலைக்குப் போயாக வேண்டும்.

ஆலை என்றால் முழுக்க ஸ்டீல் எந்திரம்தான். காயைக் கழுவி, கொட்டையோடு அரைத்து, அந்தக் கூழை நிதானமாகக் கிளறி, சுழற்றி எண்ணெயைப் பிரிக்கிறார்கள். சீசனில் ராத்திரியிலும் ஓடும். 100 கிலோ காய்க்கு 10 முதல் 15 கிலோ எண்ணெய் வந்தால் சரி என்கிறார்கள். எள்ளில் பாதியளவு எண்ணெய் பார்த்துப் பழகிய நமக்கு இது ரொம்பக் கம்மி.

குழாயில் இறங்கியது மஞ்சள் இல்லை, கலங்கலான பச்சை. சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அதன்மேல் ஊற்றித் தந்தார்கள். (அந்த ஊர் ரொட்டியில் உப்பே கிடையாது. எனக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை.) எண்ணெய் தொண்டையில் மிளகுக் காரமாக இறங்கி இருமல் வந்துவிட்டது. பண்ணைக்கார அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இருமினால்தான் அது நல்ல எண்ணெயாம்.

மழைக்குத் துணிந்துதான் போக வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிடுவதால், அதற்குப் பிறகு ஐந்தரைக்கெல்லாம் நல்ல இருட்டு. டஸ்கனியில் பல ஊர்களில் நவம்பர் 1-க்கு முன் ஹீட்டர் போட விதி இடம் கொடுக்காது. கல் வீடு வேறு. கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பர் வாரக்கடைசிகளில் சான் மினியாத்தோ ஊரில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளைகிற, விலை அதிகமான காளான்) சந்தை உண்டு. மோந்து பார்ப்பது இலவசம். விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பட்டாம்பூச்சி:

ஸ்கூல் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நவம்பர் ஏட்டுச் சுரைக்காய்தான் அண்ணா. எங்களுக்குக் கிடைப்பது முழுப்பரீட்சை லீவு. நல்லவேளை, அங்கே அது வசந்த காலம்.

மே நடுவில் பியென்சாவுக்கும் சான் குய்ரிக்கோவுக்கும் இடையில் காரில் போனோம். வால் டோர்ச்சா என்கிற இந்தப் பள்ளத்தாக்கை 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். காலண்டரில் வருகிற சைப்ரஸ் மரக் குன்றுகள் இவைதான். படத்தில் புல்வெளி என்று நினைப்பது பெரும்பாலும் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைத்து, வசந்தத்தில் இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது. ஓரமெல்லாம் சிவப்புப் பாப்பிப் பூ. ஜூன் கடைசி, ஜூலையில் அறுத்துவிட்டால் வெறும் தாள்தான். பிறகு உழுது போட்ட சாம்பல் நிறக் களிமண் கட்டி. அந்தப் பச்சையைத் தேடி ஆகஸ்ட்டில் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 மூன்றும் அங்கே அரசு விடுமுறை. அதை ஒட்டி உள்ளூர்க்காரர்களே கிளம்பிவிடுவதால் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே மனு போடலாம். மே பயணம் என்றால் ஜனவரியிலேயே வேலையை ஆரம்பியுங்கள். கார் எடுப்பதாக இருந்தால் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிக் கிராமத்தில் இறங்காதீர்கள்.

வெயில்காத்தான்:

ஆளாளுக்கு ஆகஸ்ட்டைத் திட்டுகிறீர்கள். எனக்கு வேறு மாதத்தில் லீவு கிடைக்காது, அதனால் அதைத்தான் தெரியும். மதியம் சில நாள் 38 டிகிரி வரைகூடப் போகும், நம் ஊர் ஆட்களுக்கு அது ஒரு வெயிலே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேல் கடைகளைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள், நாமும் தூங்கிவிட வேண்டியதுதான். ஆகஸ்ட் 15 அங்கேயும் விடுமுறை, அதை ஒட்டிச் சின்ன ஊர்களில் மளிகைக் கடை, சலூன் எல்லாம் பூட்டு. முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ராத்திரி? கோடையில்தான் ஊர் ஊராகச் சாக்ரா என்கிற சாப்பாட்டுத் திருவிழா நடக்கும். மைதானத்தில் நீள மேஜை போட்டு, ஊர்ப் பெண்களே சமைத்து, பள்ளிக்கூடப் பையன்கள் பரிமாறுவார்கள். யார் பக்கத்தில் இடம் காலியோ அங்கே உட்கார வேண்டும். கையால் உருட்டின தடி நூடுல்ஸ், பிச்சி என்று பெயர். பூண்டும் தக்காளியும் போட்ட ஆலியோனே சாஸ் கேளுங்கள், அதில் கறி கிடையாது. எனக்கு இடப்பக்கம் இருந்த தாத்தா என் தட்டைப் பார்த்து, போதாது என்று அவராகவே கையைக் காட்டி இன்னொரு கரண்டி வாங்கிப் போட்டார். மே மாதக் கோதுமை இப்படி உபசரிக்குமா?

பருப்புப்பொடி:

டஸ்கனியை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பக்கத்து மாகாணமான உம்பிரியாவையும் பாருங்கள். அங்கே காஸ்டெல்லூச்சோ என்கிற மலை ஊரில் பருப்பு வயல் பூக்கிற சமயம் ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை. ஊர் சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கீழே கொளுத்தினாலும் அங்கே ஸ்வெட்டர் வேண்டும். 2016 நிலநடுக்கத்தில் ஊரே பெரும்பாலும் இடிந்துவிட்டது, வயல் மட்டும் வருஷா வருஷம் பூக்கிறது. பூக்கிற வாரக்கடைசிகளில் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. செவ்வாய், புதன் மாதிரி வார நாளில் விடியற்காலையிலேயே ஏறிவிடுங்கள்.