தலைகீழா இறங்கினா 8 மீட்டர்ல காது அடைக்குதுங்க

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக் கிணறு, 15 மீட்டர் தண்ணி, கயிறு பிடிச்சு மூச்சடக்கி இறங்கற பயிற்சிங்க. கால் கீழா இறங்கினா தொல்லையில்லை. தலைகீழா போனா 8 மீட்டர்ல காது திறக்கறதில்லை.

மூக்கைப் பிடிச்சு நெஞ்சிலிருந்து ஊதறது அங்கே எடுபடாதுங்க: 10 மீட்டர்ல நுரையீரல் காத்து பாதியாயிடும், மிச்சமும் நெஞ்சுப் பக்கமே ஏறும். அதனால ஃப்ரென்சல் முறைதான்: குரல்வளையை மூடி, நாக்கோட பின்பகுதியைப் பிஸ்டனாட்டம் தூக்கறது. கரையில 'டப்'புன்னு திறக்குது. தண்ணிக்குள்ள மெல்லண்ணம் (வாய்க்கூரையோட மெத்துன்னு இருக்கற பின்பகுதி) மூக்கு வழியை மூடிக்குதோன்னு சந்தேகம். கழுத்தை நிமித்திக் கயித்தடியைப் பார்க்கறதும் காரணமா?

மெல்லண்ணத்தை மூக்கு வழியையும் வாய் வழியையும் மூடாம நடுவாந்திரமா நிறுத்த என்ன பயிற்சி, நாளுக்கு எத்தனை நிமிஷம்? வலிச்சா திரும்பிடறது, சளின்னா இறங்கறதில்லை, மேலே ஆளும் உண்டு. சொட்டு மருந்து மட்டும் சொல்லாதீங்க.