அந்தக் கால டிராமில் டிக்கெட் விலையையும் சரக்குக் கூலியையும் யார் வைத்தார்கள்?

தடம்தேடி:
பிரிட்டிஷ் காலத்து டிராம்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றிலும் டிராம் ஓட்டியவை தனியார் கம்பெனிகள். அப்படியானால் கட்டணத்தை இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்களா, இல்லை அரசாங்கம் சொன்னதா? சட்டத்தில் வேறு பயணக் கட்டணத்தையே ‘டோல்’ என்கிறார்கள், சாலையில் வாங்குகிற டோல் இதற்குள் எப்படி வந்தது? அப்புறம் அந்தக் கால ரயிலில் சரக்குக்கு மணங்குக்கு (பழைய எடை அளவு) இத்தனை, மைலுக்கு இத்தனை என்று கணக்கு இருந்ததே. அதே விகிதத்தை வைத்து ஒரு டிராம் கம்பெனிக்குச் சரக்கில் என்ன வரும் என்று போட்டுப் பார்த்தேன், நம்ப முடியாத அளவுக்கு வந்தது. எங்கே தப்பு?

ஷரத்து:
இஷ்டத்துக்கெல்லாம் விடவில்லை. சாலை ஊருடையது, அதில் தண்டவாளம் பதிக்க அனுமதி வேண்டும், அந்த அனுமதியோடு உச்சவரம்பும் சேர்ந்தே வரும். பம்பாய்க்கு 1874-லும் கல்கத்தாவுக்கு 1880-லும் தனித்தனிச் சட்டம், பிறகு 1886-ல் இந்திய டிராம்வே சட்டம். இதற்கெல்லாம் முன்னோடி பிரிட்டனின் 1870 சட்டம். அதன்படி, வரம்புக்குள் கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் கட்டணப் பட்டியலை ஒவ்வொரு வண்டியின் உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். 21 வருஷம் கழிந்தால் நகராட்சி டிராமையே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு பிரிவு. அதுவும் அன்றைய மதிப்புக்கு மட்டும், இனி வரப்போகும் லாபத்துக்கு ஒரு காசும் சேர்த்துத் தர வேண்டியதில்லை. போட்ட முதலை 21 வருஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறவன் டிக்கெட்டை எப்படிக் குறைப்பான், சொல்லுங்கள்.

‘டோல்’ என்ற சொல், தண்டவாளத்தையும் ஒரு சாலையாகவே பார்த்ததால் வந்தது. யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியை அதில் ஓட்டிவிட்டுப் பணம் கட்டலாம் என்பது ஏட்டில் இருந்த யோசனை. நடைமுறையில் தண்டவாளம் வைத்திருந்தவர்களேதான் வண்டியும் ஓட்டினார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த நாள் பிரிட்டிஷ் ஆணைகளில் பயணிக்கு மைலுக்கு 1 பென்னி வரம்பு, 28 பவுண்டு வரை மூட்டைமுடிச்சு இலவசம் என்று வழக்கமாக எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே எருவுக்கு ஒரு விலை, சர்க்கரைக்கும் தானியத்துக்கும் ஒரு விலை, பஞ்சுக்கு ஒரு விலை என்று சரக்குப் பட்டியல் வரும். டிராமில் எரு!

பாரவண்டி:
சரக்கு விஷயத்துக்கு நான் வருகிறேன். கல்கத்தாவின் முதல் டிராமே சரக்கை மனதில் வைத்துப் போட்டதுதான். 1873 பிப்ரவரி 24, சியால்தா ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரையில் ஆர்மீனியன் படித்துறை வரை, 2.4 மைல், குதிரை இழுத்தது. அதே வருஷம் நவம்பரில் மூடிவிட்டார்கள்.

ரயில் விகிதம் ஏன் இங்கே ஒத்துவராது என்றால், 1887-ல் ரயில்வேக்களுக்கு வகுத்த வரம்பில் மிக மலிவான சரக்குக்கு மணங்குக்கு மைலுக்கு மூன்றில் ஒரு தம்பிடி (12 தம்பிடி ஒரு அணா), உயர்ந்த வகைக்கு ஒரு தம்பிடி. அந்த உயர்ந்த விகிதத்தையே இந்த 2.4 மைலுக்குப் போடுங்கள். ஒரு டன் என்பது சுமார் 27 மணங்கு, ஆக 65 தம்பிடி, ஐந்தரை அணாகூடத் தேறாது. பம்பாயில் ஒரு ஆளுக்கு டிக்கெட் 2 அணா. மூன்று பேர் ஏறினால் ஒரு டன் சரக்கை மிஞ்சிவிடும், அந்த மூன்று பேரும் தாங்களே ஏறித் தாங்களே இறங்குவார்கள். சரக்குக்கு இந்த முனையில் ஏற்றுக்கூலி, அந்த முனையில் இறக்குக்கூலி, அந்தச் செலவு நூறு மைல் போனாலும் ரெண்டு மைல் போனாலும் ஒன்றுதான். ரயிலில் தூரம் அதை விழுங்கிவிடும், டிராமில் தூரமே கிடையாது. போதாக்குறைக்கு, கடைவாசலிலேயே வந்து நிற்கும் மாட்டுவண்டியோடு போட்டி.

சரி, நீங்கள் எந்த மணங்கை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?

காலணா:
மேலே சொன்னது எல்லாம் உச்சவரம்பு. எனக்கென்னவோ உண்மையில் விலை வைத்தது சில்லறைதான் என்று படுகிறது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. கண்டக்டர் கையில் புழங்குவது காலணா, அரையணா, ஒரு அணா. செலவு நூற்றுக்கு அஞ்சு ஏறியது என்பதற்காக அரையணா டிக்கெட்டை நூற்றுக்கு அஞ்சு ஏற்ற முடியுமா? அடுத்த படி முக்காலணா, ஒரே தாவலில் பாதி விலை கூடிவிடும். அதனால் வருஷக்கணக்கில் ஏற்றாமல் இருப்பார்கள், ஏற்றினால் ஊர் கொதிக்கும்.

பம்பாயில் 1874-ல் கொலாபாவிலிருந்து பைதோனிக்கு 3 அணா என்று ஆரம்பித்தார்கள், டிக்கெட் என்ற சீட்டே கிடையாது. கூட்டம் சேரச் சேர 2 அணா ஆக்கினார்கள். காசு கொடுக்காமல் போகிறவர்கள் பெருகியதும் அதே வருஷம் சீட்டு வந்தது. கல்கத்தாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. சுதந்திரத்துக்குப் பிறகும் லண்டன் கம்பெனிதான் ஓட்டியது, 1953 ஜூலையில் இரண்டாம் வகுப்புக்கு ஒரு பைசா ஏற்றியது. நம் கணக்கில் ஒரு காலணா. டிராம்கள் எரிந்தன, கடைசியில் உயர்வை விட்டுக்கொடுத்தார்கள்.

சென்னையில் 1895 மே 7-ல் ஓட ஆரம்பித்த மின்சார டிராம் அதே 1953-ல், ஏப்ரலில், நின்றுபோனது. பஸ் வந்துவிட்ட ஊரில் டிராம் கம்பெனி எந்தத் தைரியத்தில் விலை ஏற்றும்?

தடம்தேடி:
எல்லோருக்கும் நன்றி. பாரவண்டி சார், கேட்டீர்களே, நான் வைத்தது சென்னை மணங்கு, 25 பவுண்டு.

பாரவண்டி:
அதுதான் விஷயம். ரயில்வே மணங்கு 82 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு டன்னுக்கு 27 மணங்கு வரவேண்டிய இடத்தில் நீங்கள் 90 போட்டிருப்பீர்கள்.

தடம்தேடி:
ஆமாம், 90-தான் போட்டிருக்கிறேன். நாலு பக்கக் கணக்கு. திரும்ப ஆரம்பிக்கிறேன்.