ஃபாரீச் லூப்பில் அணி வெறுமையாவது: மொழியின் குறையா, எழுதியவரின் குறையா?

முனையவாசி: பெர்ல் நிரல்மொழியில், நாற்பது கோப்புப் பெயர்கள் கொண்ட ஓர் அணியை (மதிப்புகளின் வரிசை), மாறிக்குப் பெயர் கொடுக்காமல், உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபாரீச் லூப்பில் ஓட்டி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சப்ரூட்டினை (துணைநிரலை) அழைத்தேன். அது கோப்பைத் திறந்து, வைல் லூப்பில் வரிகளை எண்ணித் திரும்புகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை சரியாகவே வந்தது. ஆனால் லூப் முடிந்தபின் அணியை அச்சிட்டால் நாற்பது இடங்களிலும் மதிப்பே இல்லை. அந்த அணியில் நான் எதையும் எழுதாதபோது இதை மொழியின் குறை என்றுதான் சொல்வேன்.

பழஞ்சுருள்: எழுதியிருக்கிறீர்கள் ஐயா, அறியாமல். ஃபாரீச் தருவது நகலை அல்ல. மாறிக்குப் பெயர் தராதபோது பெர்ல் தானே பயன்படுத்தும் பொது மாறி $_; அது அந்தச் சுற்றில் அணி உறுப்புக்கே இன்னொரு பெயர். ஃபாரீச் $_ இன் பழைய மதிப்பைக் காத்துவைத்து, முடிந்ததும் மீட்டுவிடும். பெயர் தராத வைலும் படித்த வரியை அதே $_ இல்தான் போடும், ஆனால் அப்படிக் காப்பதில்லை. ஆகவே சப்ரூட்டின் படித்த ஒவ்வொரு வரியும் உங்கள் கோப்புப் பெயரின் மேலேயே விழுந்தது, கோப்பு தீர்ந்ததும் கடைசியாக விழுந்தது வெறுமை. வைலில் 'மை' (அந்தப் பகுதிக்கு மட்டுமான மாறியை அறிவிக்கும் சொல்) போட்டு ஒரு மாறியை அறிவித்திருந்தால் இந்தப் பேச்சே எழாது.

முனையவாசி: இப்படித்தான் நடக்கும் என்று கையேட்டில் இருக்கிறது என்பதால் குறை நிறையாகிவிடுமா? நிரலில் நேரடியாக எழுதிய மாறிலிகளின் மேல் லூப்பை ஓட்டி $_ ஐ மாற்றினால், படிக்க மட்டுமேயான மதிப்பை மாற்ற முயல்கிறீர்கள் என்று பெர்ல் கூச்சலிட்டு நின்றுவிடுகிறது; உண்மையான தரவு அழியும்போது மட்டும் மௌனம் காக்கிறது. ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒரு செயலைச் செய்து புதிய பட்டியல் தரும் மேப்புக்குள் பதிலீட்டுக் கட்டளையை எழுதினாலும் மூல அணி கெடுகிறது. 5.14 பதிப்பில் அந்தக் கட்டளைக்கு, மூலத்தை மாற்றாமல் நகலைத் திருப்பித்தரும் 'ஆர்' குறியைச் சேர்க்க நேர்ந்ததே, அது எதைக் காட்டுகிறது?

பழஞ்சுருள்: தேவையைக் காட்டுகிறது, குற்றத்தை அல்ல. ஓர் அணியின் எல்லா வரிகளிலும் ஓர இடைவெளியை ஒரே வரியில் வெட்ட முடிவது இந்த இரட்டைப் பெயரால்தான். நீங்கள் கேட்கும் பாதுகாப்பை மொழி முயன்றும் பார்த்தது: 5.10 பதிப்பில் $_ ஐயே 'மை' கொண்டு அறிவிக்க வழி தந்தார்கள், குழப்பம் கூடியதே மிச்சமென்று 5.24 பதிப்பில் நீக்கிவிட்டார்கள்.

இடைவரி: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஃபாரீச்சில் மாறிக்குப் பெயர் கொடுப்பது இந்தப் பிழையைத் தடுக்கும், ஆனால் அந்த மாறியும் உறுப்பின் மறுபெயர்தான். அதை மாற்றினால் அணியும் மாறும். சாவி-மதிப்பு இணைகளைச் சேமிக்கும் ஹாஷின் வேல்யூஸிலும் (மதிப்புகள்) அப்படியே, கீஸில் (சாவிகள்) மட்டும் நகல் கிடைக்கும்.

முனையவாசி: வைலைத் திருத்தினேன், நாற்பது பெயர்களும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அதே கோப்பில் இதேபோல் பெயரற்ற வைலுடன் இன்னும் ஆறு சப்ரூட்டின்கள் கிடக்கின்றன. ஆறையும் கையால் திருத்தி முடிக்கும்வரை என் புகாரைத் திரும்பப் பெறுவதாக இல்லை.