நாய்க்கு அரிப்பு, மெடிக்கல்ல குடுத்த செட்ரிசின் குடுக்கலாமா?

லேப்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்க புஜ்ஜி, லேப் (லேப்ரடார்) நாய், மூணரை வயசு, 26 கிலோ. ஐப்பசி மழை ஆரம்பிச்சா இவளுக்கு அரிப்பும் ஆரம்பிச்சிடும், இது மூணாவது வருஷம். முன்னங்கால நக்கி நக்கி முடியெல்லாம் செம்பட்டை ஆயிடுச்சு, கக்கத்துல செவந்து கெடக்கு, ராத்திரி பூரா காத சொறிஞ்சு தலைய உதறுறா, வீட்ல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. எங்க டாக்டர் ஊருக்கு போயிருக்காரு, திங்கக்கிழமதான் வருவாரு. போன வருஷம் செட்ரிசின் எழுதினது ஞாபகம் இருக்கு, எத்தனைன்னு மறந்துட்டேன், சீட்டும் காணோம். மெடிக்கல்ல போய் கேட்டேன், நாய்க்குன்னு சொன்னா குடுக்க மாட்டாங்களோன்னு சொல்லல, "சளிக்கும் அலர்ஜிக்கும் கேக்கும், உள்ள செட்ரிசின்தான்"னு ஒரு அட்டை குடுத்தாரு. எத்தனை மாத்திரை குடுக்கணும், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, யாராவது சொல்லுங்க.

பாம்_பையன்:
அக்கா பயப்படாதீங்க, செட்ரிசின் நாய்க்கு சேஃப்தான், எங்க பாமுக்கு (பொமரேனியன்) நான் பாதி பாதியா குடுக்குறேன், ஒண்ணும் ஆகல. இல்லன்னா பெனட்ரில் ஊத்துங்க, அமெரிக்காக்காரங்க வீடியோ எல்லாத்துலயும் அதத்தான் சொல்றாங்க, கிலோவுக்கு 2 மில்லிகிராமாம்.

மருந்துக்கடை_முருகு:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் பார்மசிஸ்ட், கவுண்டர்ல நின்னு 14 வருஷம் ஆச்சு. அக்கா, அந்த அட்டைய திருப்பி பின்னாடி பொடி எழுத்துல இருக்குறத அப்படியே இங்க டைப் பண்ணுங்க. "சளிக்கும் கேக்கும்"னு சொல்லி குடுத்தாங்கன்னா அது தனி செட்ரிசினா இருக்க வாய்ப்பு கம்மி. கூட ஜுர மருந்து, மூக்கடைப்பு மருந்து, சிலதுல காப்பில இருக்குற கஃபீன் கூட சேத்திருப்பாங்க. செட்ரிசின் நல்ல பையன்தான், கூட வர்ற கூட்டாளிங்கதான் பிரச்சன.

பாம் தம்பி, பெனட்ரில் விஷயத்துல நீ சொல்றது பாதி சரி. அமெரிக்கால அந்த பேர்ல விக்கிற சாதா மாத்திரைல டைஃபென்ஹைட்ரமின்ங்குற அலர்ஜி மருந்து மட்டும்தான், டோஸும் அதுக்குத்தான். நம்ம ஊர்ல அதே பேர்ல இருக்குறது இருமல் சிரப்பு, டைஃபென்ஹைட்ரமினோட அம்மோனியம் குளோரைடு, சோடியம் சிட்ரேட்டு எல்லாம் உண்டு, வறட்டு இருமலுக்கு வர்றதுல டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். வீடியோல சொல்ற கணக்க இங்க பாட்டில்ல ஊத்தி பாக்க கூடாது. சிரப்புன்னாலே இன்னொரு பயம் இருக்கு, சர்க்கரை இல்லாததுன்னு போட்டிருந்தா சைலிடால்னு ஒரு இனிப்பு சேத்திருக்கலாம், அது நாய்க்கு விஷம், சுகர் டக்குனு இறங்கிடும்.

லேப்_அம்மா:
அண்ணா கை நடுங்குது. படிச்சு பாத்தேன். செட்ரிசின் 5, பாரசிட்டமால் 325, பினைலெஃப்ரின் 10 மில்லிகிராம்னு போட்டிருக்கு. இதுல இன்னொரு கூத்து, நான் இங்க கேட்டுட்டு இருக்கப்பவே எங்க வீட்டுக்காரர் "ஒண்ணு குடுத்துட்டேன், தயிர் சாதத்துல வச்சு"ன்னு சொல்றாரு, ரெண்டு மணி நேரம் ஆச்சாம். மாமியார் உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்கலாம்ங்குறாங்க. என்ன பண்ணட்டும்?

கால்நடை_மருத்துவர்:
உப்புத் தண்ணி வேண்டாம்மா, முதல்ல அத தடுத்துடுங்க. அதிகமா உப்பு உள்ள போனா அதுவே மூளைய பாதிக்கும், மாத்திரைய விட அது மோசமா போயிடும்.

இப்போ கணக்கு பாப்போம். 325ஐ 26ஆல வகுத்தா கிலோவுக்கு 12.5 மில்லிகிராம் பாரசிட்டமால். நாய்ல கல்லீரல் கெடுறது வழக்கமா கிலோவுக்கு 75, 100னு போறப்பதான், அதனால புஜ்ஜிக்கு இந்த ஒரு மாத்திரையால பெரிசா ஆபத்து வர வாய்ப்பு கம்மி. மூக்கடைப்புக்கு சேத்திருக்குற பினைலெஃப்ரினால கொஞ்ச நேரம் படபடன்னு அலையலாம். ஆனா எழுத்துல பாத்து நான் சொல்றது போதாது, பக்கத்துல இருக்குற ஒரு டாக்டருக்கு இப்பவே போன் பண்ணி அட்டைல இருக்குறத படிச்சு காட்டுங்க. ஈறு வெளுத்தோ, நீலமா பழுப்பாவோ ஆனா, முகமோ பாதமோ வீங்கினா, மூச்சு வாங்கினா, நடுங்கினா, விடாம வாந்தி எடுத்தா போன்ல பேசிட்டு இருக்காம அட்டையோட கெளம்பிடுங்க. சென்னைல இருந்தா வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு.

பாம் தம்பி, உங்க நாய் எத்தனை கிலோ? மூணு கிலோன்னு வைங்க, இதே ஒரு மாத்திரை அதுக்கு கிலோவுக்கு 108 மில்லிகிராம். லேபுக்கு தப்பிச்சது பாமுக்கு தப்பாது. வீட்ல பூனை இருந்தா பாரசிட்டமால் பக்கமே போகக்கூடாது, சின்ன துண்டு கூட அதுக்கு விஷம். செட்ரிசின் பேருக்கு பின்னாடி "டி"ன்னு வர்ற வெளிநாட்டு மாத்திரைல சூடோஎஃபெட்ரின்னு ஒரு மூக்கடைப்பு மருந்து இருக்கும், அது இதெல்லாத்த விட மோசம், கிலோவுக்கு 10 மில்லிகிராம் தாண்டினா உயிருக்கே உலை. துபாய், அமெரிக்காலேர்ந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற மாத்திரைப் பெட்டிய நாய்க்கு எட்டாத எடத்துல வைங்க.

பாம்_பையன்:
டாக்டர் மூணே முக்கால் கிலோ. நான் குடுக்குறது தனி செட்ரிசின் 10ல பாதி, இப்பதான் ஓடிப்போய் பாத்தேன், வேற எதுவும் இல்ல. வேர்த்துடுச்சு.

கோம்பை_வளர்ப்பு:
மாத்திரை இருக்கட்டும், அது அலர்ஜிதான்னு யாரு சொன்னா? எங்க கோம்பை நாய்க்கு ஒரு வருஷம் அலர்ஜி அலர்ஜின்னு மாத்திரை, ஷாம்பூ, விலை ஜாஸ்தி தீவனம்னு காச கொட்டினேன். கடைசில பாத்தா தெள்ளுப்பூச்சி. வால் ஆரம்பிக்குற எடத்துல முடி கொட்டினா முதல்ல அதத்தான் சந்தேகப்படணும். பேன் சீப்பால சீவி விழுற கருப்புத் தூள ஈரமான வெள்ளை டிஷ்யூல போடுங்க, சுத்தி செவப்பா கசிஞ்சா அது பூச்சி குடிச்ச ரத்தம், மண்ணா இருந்தா கசியாது. இதுக்கு செலவு ஒரு ரூபா.

கால்நடை_மருத்துவர்:
கோம்பைக்காரர் சொன்னத தலைகீழா நின்னு ஒத்துக்கறேன். பூச்சி, சொறி, ஈஸ்ட்ங்குற பூஞ்சை, காதுல கிருமி, இதெல்லாம் இல்லன்னு பாத்துட்டுதான் அலர்ஜிக்கே வரணும்.

இன்னொரு உண்மையும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. மனுஷனுக்கு தும்மலுக்கு செட்ரிசின் கேக்குற மாதிரி நாய் அரிப்புக்கு கேக்காது. நாய்க்கு தோல் அலர்ஜில அரிப்ப கிளப்புறதுல உடம்புல சுரக்குற இன்டர்லூக்கின் 31ன்னு ஒரு புரதத்துக்குத்தான் பெரிய பங்கு, செட்ரிசின் தடுக்குற ஹிஸ்டமினோட பங்கு அதுல கம்மி. அதனால சில நாய்களுக்குத்தான் பலன், அதுவும் அரிப்பு கொழுந்துவிட்டு எரியுறப்ப இல்ல, சீசனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு தெனமும் குடுத்தாதான். 2015ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்லயும் திடீர்னு கிளம்புற அரிப்புக்கு இது பெரிசா உதவாதுன்னுதான் போட்டிருக்கு. அதனாலதான் ஒக்லாசிட்டினிப் மாதிரி நாய் அரிப்புக்குன்னே மருந்துகள் வந்துச்சு, விலைதான் கொஞ்சம் கடி.

தனி செட்ரிசின்னா வழக்கமா கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளைக்கு ஒரு தடவ, சாப்பாட்டோட குடுத்தாலும் பரவால்ல. பல டாக்டருங்க பெரிய நாய்னாலும் 20க்கு மேல போக மாட்டாங்க. எடை உத்தேசமா போடாதீங்க, நீங்க நாய தூக்கிட்டு மெஷின்ல ஏறுங்க, அப்புறம் தனியா ஏறி கழிச்சுக்கோங்க, 26 கிலோன்னா வீட்டுக்காரர தூக்க சொல்லுங்க, தண்டனை மாதிரி இருக்கட்டும். வலிப்பு, கண்ணழுத்தம், சிறுநீர் அடைப்பு, இதய நோய், கிட்னி கோளாறு, வயித்துல குட்டி, இதுல எது இருந்தாலும் கேக்காம குடுக்கக்கூடாது. உண்ணிக்கு அமிட்ராஸ் தண்ணில குளிப்பாட்டியிருந்தா அதையும் சொல்லணும், தூக்கம் வர வைக்குற பழைய அலர்ஜி மருந்துகளோட அது ஒத்துப்போகாது. சில நாய் தூங்கி வழியும், சிலது நேர்மாறா பேய் புடிச்ச மாதிரி ஓடும்.

தேனீ, குளவி கொட்டி முகம் வீங்கி, வாந்தி எடுத்து சுருண்டு விழுந்தா மாத்திரைய தேடாதீங்க, அதுக்கு ஊசிதான், ஓடுங்க.

லேப்_அம்மா:
அப்டேட் சொல்லிடறேன். அன்னிக்கு ராத்திரி போன் பண்ணின டாக்டரும் இதையேதான் சொன்னாரு, விடிய விடிய முழிச்சு ஈற பாத்துட்டே இருந்தோம், ரோஸாதான் இருந்துச்சு, அவதான் குறட்டை விட்டு தூங்கினா. திங்கக்கிழம எங்க டாக்டர் வெரலிடுக்குல செல்லோ டேப் ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தாரு, ஈஸ்ட் கொத்து கொத்தா இருக்காம், காதுலயும். மழைல நடந்துட்டு வந்து கால தொடைக்காம விட்டதும் ஒரு காரணம். மருந்து ஷாம்பூ போட்டு பத்து நிமிஷம் ஊற வைக்கணுமாம், காதுக்கு சொட்டு மருந்து, தெனமும் செட்ரிசின் 20, தனி மாத்திரை. அலர்ஜி டெஸ்ட் எடுக்கறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே இத நிறுத்தணும், அதனால முன்கூட்டி சொல்லுங்கன்னாரு. அஞ்சு நாள் ஆச்சு, செட்ரிசினா ஷாம்பூவான்னு தெரியல, நக்குறது பாதியா கொறைஞ்சிடுச்சு.

இப்ப ஒரே பிரச்சன, தயிர் சாதத்த சாப்ட்டுட்டு மாத்திரைய மட்டும் தட்டு ஓரத்துல வச்சுட்டு போறா.

கோம்பை_வளர்ப்பு:
இட்லிய உள்ளங்கையளவு பிச்சு மூணு உருண்டை பண்ணுங்க. முதல் உருண்டை சும்மா, ரெண்டாவதுல மாத்திரை, மூணாவது மூக்குக்கு முன்னாடி தெரியுற மாதிரி கையில. அதுக்கு அவசரப்பட்டு ரெண்டாவத மெல்லாம முழுங்கிடும்.

லேப்_அம்மா:
முழுங்கிட்டா 😄 வீட்டுக்காரருக்கும் ஒரு இட்லி மிச்சம்.